பாயில் உறங்கிய படைத்தலைவர்

புறத்திணை கற்பிக்கும் ஆசிரியருக்கு ஆண்டுதோறும் ஒரு சங்கடம் நேரும். வெட்சி, கரந்தை, வஞ்சி, காஞ்சி, நொச்சி, உழிஞை, தும்பை, வாகை என்று திணைகளை வரிசைப்படுத்திக் கரும்பலகையில் எழுதி முடித்துத் திரும்பிப் பார்த்தால், எதிரே இருக்கும் முகங்கள் தேர்வை எண்ணிக்கொண்டிருக்கும். ஆநிரை கவர்தலும் மீட்டலும், மதிலை முற்றுதலும் காத்தலும் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முந்திய செய்திகள். பத்து மதிப்பெண் வினாவுக்குரிய விடைகள். அவர்களைப் பொறுத்தவரை அவ்வளவே. அச்சங்கடத்தை யாமும் நாளடைவில் பழகிக்கொண்டோம்.

ஒருநாள் வஞ்சினக் காஞ்சி என்னும் துறையை விளக்கிக்கொண்டிருந்தோம். இன்ன செயலைச் செய்து முடிப்பேன், முடிக்காதொழியின் எனக்கு இன்ன இழிவு நேர்க என்று வீரன் ஒருவன் பலரறியச் சூளுரைப்பதே வஞ்சினம். புறநானூற்றின் 71, 72, 73ஆம் பாடல்கள் இத்துறைக்குப் புகழ்பெற்ற சான்றுகள். ஒல்லையூர் தந்த பூதப்பாண்டியனும், தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியனும், சோழன் நலங்கிள்ளியும் தாமே பாடியவை. பகைவரை வெல்லேனாயின் மாங்குடி மருதன் முதலிய புலவர் என் நாட்டைப் பாடாதொழிக என்கிறான் நெடுஞ்செழியன். தனக்கு எது அருமையோ அதனையே ஈடாக வைத்துச் சொல் கொடுப்பது வஞ்சினத்தின் இயல்பு என்று கூறி நிறுத்தினோம்.

கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவர் எழுந்தார். "ஐயா, இவர்கள் எல்லாரும் அரசர்கள். சொன்னதைச் செய்து முடிக்கப் படை இருந்தது. பாடிவைக்கப் புலவரும் இருந்தனர். நம் காலத்தில் இப்படிச் சொல்லி, சொன்னபடி நின்றவர் யாரேனும் உண்டா?" என்று வினவினார். வகுப்பில் மெல்லிய சிரிப்பு எழுந்தது. எமக்குச் சிரிப்பு வரவில்லை. "உண்டு. ஏறத்தாழ மூன்று திங்கள், மலைநாட்டுக் குளிரில், கட்டிலை வெறுத்துத் தரையில் பாய் விரித்து உறங்கிய படைத்தலைவர் ஒருவர் உண்டு" என்றோம். அதற்குள் மணி அடித்துவிட்டது.

மறுநாள் வகுப்பில் அவ்வீரரின் வரலாற்றை எடுத்துரைத்தோம். ஆயினும் அவரை யாம் அறிந்துகொண்ட விதத்தையும், நெடுங்காலம் அவரைப் பிழையாகவே போற்றிவந்ததையும் மாணவரிடம் கூறவில்லை. வகுப்பறையில் கூறாது விட்டதை இம்மலரில் எழுத விழைகின்றோம்.

எம் தந்தையார் கடைத்தெருவில் தையற்கடை வைத்திருந்தார். மாலையில் பள்ளி விட்டதும் யாம் கடைக்குச் சென்று பொத்தான் தைக்க உதவுவது வழக்கம். அவர் பள்ளிப்படிப்பு அதிகம் இல்லாதவர். எனினும் செய்தித்தாளை முதல் வரி தொடங்கி இறுதி வரி வரை படிப்பவர். அவர் உள்ளத்தில் நீங்கா இடம்பெற்ற வீரர் ஒருவர் இருந்தார். ஹவில்தார் அப்துல் ஹமீது என்பது அவர் பெயர். உத்தரப் பிரதேசத்தின் காஜிப்பூர் மாவட்டத்துத் தாமுப்பூரில் 1933ஆம் ஆண்டு பிறந்தவர். 1965ஆம் ஆண்டுப் போரில் பஞ்சாபின் கேம்கரன் பகுதியில், ஜீப் வண்டியில் பொருத்திய பீரங்கியுடன் கரும்புத் தோட்டங்களுக்கிடையே மறைந்து நின்று, பகைவரின் பேட்டன் டாங்கிகளை ஒன்றன்பின் ஒன்றாக அழித்தவர். அவ்வாண்டு செப்டம்பர் 10ஆம் நாள் களத்திலேயே உயிர்நீத்தார். நாட்டின் மிக உயர்ந்த படைவிருதாகிய பரம்வீர் சக்ரம் அவருக்கு வழங்கப்பட்டது.

இவற்றையெல்லாம் எம் தந்தையார் அறிந்திருந்தார். ஆனால் அவர் வியந்து கூறியது வேறொன்று. "அவரும் தையற்காரர் வீட்டுப் பிள்ளைதான், தம்பி" என்பார். அப்படிச் சொல்லும்போது கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிடுவார்.

யாம் எட்டாம் வகுப்பில் பயின்ற ஆண்டு, சுதந்திர தினப் பேச்சுப் போட்டியில் அப்துல் ஹமீதைப் பற்றிப் பேசினோம். முதற்பரிசு கிடைத்தது. பரிசு வழங்கிய பெரியவர் எம் தோளைத் தட்டிக்கொடுத்து, "உங்கள் ஆட்களிலும் இப்படி ஒருவர் இருந்திருக்கிறாரே, நல்லது" என்றார். அவர் தீய எண்ணத்துடன் கூறவில்லை, அன்புடனேயே கூறினார். எமக்கோ பெருமை பிடிபடவில்லை. கடைக்கு ஓடிச் சென்று பரிசுப் புத்தகத்தைக் காட்டி, அவர் கூறியதையும் அப்படியே ஒப்புவித்தோம்.

தந்தையார் சற்றுநேரம் பேசவில்லை. தைத்துக்கொண்டிருந்த சட்டையின் கையைத் தைத்து முடித்தார். பிறகு, "நன்றாகப் பேசியிருக்கிறாய். ஆனால் தம்பி, அவர் நாட்டுக்காக நின்ற ஆள். நமக்கு ஜாமீன் நிற்க வந்த ஆள் இல்லை. அவரைக் கொண்டுபோய் ஜாமீன் நிறுத்தாதே" என்றார்.

"சரி, அத்தா" என்றோம். அச்சொல்லின் பொருள் அன்று எமக்கு விளங்கவில்லை.

படித்து, பட்டம் பெற்று, ஆய்வியல் நிறைஞர் பட்டத்திற்குப் புறநானூற்றிலேயே ஆய்வு செய்து, ஆசிரியப் பணியிலும் அமர்ந்தோம். அக்காலத்தேதான் பிரிகேடியர் முகமது உஸ்மானைப் பற்றிப் படித்தோம். அப்துல் ஹமீதுக்கும் முற்பட்டவர். விடுதலை பெற்ற இந்தியாவின் முதற் போரில் களம்பட்டவர். அவர் வரலாறு எம்மை ஆட்கொண்டது.

1912ஆம் ஆண்டு ஜூலை 15ஆம் நாள், அன்றைய ஆஜம்கர் மாவட்டத்துப் பீபிப்பூரில் உஸ்மான் பிறந்தார். இங்கிலாந்தின் சாண்ட்ஹர்ஸ்ட் படைக்கல்லூரியில் பயின்று 1934ஆம் ஆண்டு அதிகாரியாக வெளிவந்தார். பலூச் ரெஜிமெண்டில் சேர்ந்து, இரண்டாம் உலகப்போரின்போது பர்மாக் களத்தையும் கண்டார். 1947இல் நாடு பிரிந்தபோது படையும் பிரிந்தது. பலூச் ரெஜிமெண்ட் பாகிஸ்தானுக்கு ஒதுக்கப்பட்டது. தம் ரெஜிமெண்டுடன் செல்வதே அவருக்கு எளிய வழி. அங்குச் சென்றால் மிக உயர்ந்த பதவிகள் காத்திருப்பதாக அவருக்கு ஆசை காட்டப்பட்டதென அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர். அவர் செல்லவில்லை. பிறந்த மண்ணிலேயே தங்கினார். டோக்ரா ரெஜிமெண்டுக்கு மாற்றப்பட்டார்.

அவ்வாண்டின் இறுதியில் காஷ்மீரில் போர் மூண்டிருந்தது. மீர்ப்பூரிலிருந்தும் கோட்லியிலிருந்தும் வரும் சாலைகள் கூடுமிடம் ஜங்கர் என்னும் சிற்றூர். அதனைக் கைக்கொண்டவர் நௌஷேராவுக்குச் செல்லும் வழியைக் கைக்கொண்டவர் ஆவர். 1947 டிசம்பர் 25ஆம் நாள் ஜங்கர் பகைவர் கையில் வீழ்ந்தது. 50ஆவது பாராசூட் படையணியின் தலைமையை ஏற்ற உஸ்மான், ஜங்கரை மீட்கும்வரை கட்டிலில் படுப்பதில்லை என்று சூளுரைத்தார். அன்றுமுதல் தரையில் விரித்த பாயே அவர் படுக்கை. குளிர்காலம்; மலைப்பகுதி. படைத்தலைவருக்குக் கட்டில் கிடைக்காத நிலையில்லை. கிடைத்ததை வேண்டாம் என்றார்.

1948 பிப்ரவரி முதல்நாள் கோட் என்னும் இடத்தை அவர் படையணி கைப்பற்றியது. பிப்ரவரி 6ஆம் நாள் நௌஷேராவின்மீது பகைவர் பெருந்தாக்குதல் தொடுத்தனர். தைந்தார் என்னும் காவற்குன்றில் ராஜ்புத் ரெஜிமெண்டின் நாயக் ஜதுநாத் சிங், தம்முடன் இருந்த சிலரோடு அலையலையாக வந்த தாக்குதலைத் தாங்கி நின்று உயிர்துறந்தார். அவருக்கும் பரம்வீர் சக்ரம் வழங்கப்பட்டது. நௌஷேரா காக்கப்பட்டது. அதன்பின் உஸ்மானை மக்கள் நௌஷேராவின் சிங்கம் என்றனர். சிங்கமோ இன்னும் பாயில்தான் உறங்கிக்கொண்டிருந்தது. ஊரைக் காத்த புகழ் வந்துவிட்டது. கொடுத்த சொல் இன்னும் நிறைவேறவில்லை. மார்ச் 18ஆம் நாள் ஜங்கர் மீட்கப்பட்டது. அன்றிரவு அருகிலிருந்த சிற்றூரிலிருந்து ஒரு கட்டிலை இரவல் வாங்கி வந்து போட்டனர். அதில் உஸ்மான் படுத்து உறங்கினார்.

மீட்ட ஊரிலேயே அவர் முடிவும் நேர்ந்தது. 1948 ஜூலை 3ஆம் நாள் மாலை, ஜங்கரில் பகைவரின் பீரங்கிக் குண்டு ஒன்று அவரருகே விழுந்து வெடித்தது. முப்பத்தாறாவது பிறந்தநாளுக்குப் பன்னிரண்டு நாள்கள் எஞ்சியிருந்தன. தில்லியில் அவருடைய ஜனாசாவில் பிரதமர் நேருவும் அமைச்சர்களும் கலந்துகொண்டனர். ஜாமியா மில்லியா இஸ்லாமியாவின் அடக்கத்தலத்தில் அவர் நல்லடக்கம் செய்யப்பெற்றார். மகாவீர் சக்ரம் அவர் பெயருக்கு வழங்கப்பட்டது.

இவ்வரலாற்றை அறிந்தபின் யாம் செய்தது என்ன? எம் தந்தையார் எதனைச் செய்யாதே என்றாரோ, அதனையே செய்தோம். மேடை கிடைத்தபோதெல்லாம் உஸ்மானையும் அப்துல் ஹமீதையும் ஏற்றி நிறுத்தினோம். தொடர்வண்டிப் பயணத்தில் எவரேனும் ஐயக்கண்ணுடன் ஒரு சொல் கூறினால், உடனே இவ்விரு பெயர்களும் எம் நாவில் வந்து நிற்கும். வாதத்தில் வென்றதாக மகிழ்ந்து வீடு திரும்புவோம். களத்தில் நின்ற வீரரை எம் வழக்குக்குச் சாட்சியாக இழுத்து வந்து கூண்டில் ஏற்றுகிறோம் என்னும் எண்ணமே எமக்குத் தோன்றவில்லை.

2019ஆம் ஆண்டு, புத்தொளிப் பயிற்சி ஒன்றின்பொருட்டுத் தில்லி செல்ல நேர்ந்தது. ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடித்து, அந்த அடக்கத்தலத்தைத் தேடிச் சென்றோம். பெயர் பொறித்த கல்லைக் கண்டோம். ஸலாம் கூறி, ஃபாத்திஹா ஓதி நின்றோம். அருகில் ஒரு கப்ரைத் துப்புரவு செய்துகொண்டிருந்த முதியவர் எம்மை நோக்கி, எங்கிருந்து வருகிறீர்கள் என்று உருதுவில் கேட்டார். மதராஸ் பக்கம் என்றோம். "இவர் உங்களுக்கு உறவா?" என்று அடுத்துக் கேட்டார்.

எளிய கேள்வி. அடக்கத்தலத்திற்கு வருவோர் பெரும்பாலும் தத்தம் உறவினரைத் தேடியே வருவர்; ஆகவே கேட்டார். எமக்கோ விடை கூற இயலவில்லை. உறவில்லை என்று கூற நா எழவில்லை. உறவு என்று கூறுவதற்கு யாம் அவருக்குச் செய்தது யாது? அவர் மணம் செய்துகொள்ளாதவர். தம் ஊதியத்தின் பெரும்பகுதியை ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்குச் செலவிட்டவர். நௌஷேராவில் போரினால் பெற்றோரை இழந்த சிறுவர்களைத் திரட்டி, பாலக் சேனா என்று பெயரிட்டு, உணவும் கல்வியும் பயிற்சியும் அளித்தவர். அச்சிறுவருள் சிலர் குண்டுமழைக்கிடையே செய்தி கொண்டு சென்றனர் என்று படிக்கும்போது ஆசிரியராகிய எம் மனம் சற்றே கூசவும் செய்தது. எனினும், பெற்றோரை இழந்த பிள்ளைகளைத் தம் பொறுப்பாக ஏற்றார் என்பதை மறுப்பதற்கில்லை. அவருடைய உறவினர் என்று கூறும் தகுதி அத்தகைய பொறுப்பை ஏற்போருக்கே உரியது.

அந்த நொடியில், எந்த முயற்சியும் இன்றி, ஒரு முகம் எம் நினைவில் எழுந்தது. அதற்கு முந்திய ஆண்டு எம் வகுப்பில் பயின்ற மாணவர் ஒருவரின் முகம். தோல் பதனிடும் தொழிற்கூடத்தில் கூலிவேலை செய்தவரின் மகன். அவர் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் பிள்ளை. தந்தை நோய்வாய்ப்பட்டதால் கட்டணம் செலுத்த இயலாமல், இரண்டாம் ஆண்டில் எம்மிடம் வந்து நின்றார். "கவலைப்படாதீர்கள், தம்பி. யாம் பார்த்துக்கொள்கிறோம்" என்று கூறி அனுப்பினோம். உண்மையாகவே பார்த்துக்கொள்ளும் எண்ணத்துடன்தான் கூறினோம். அதன்பின் தேர்வுப் பணி வந்தது, கருத்தரங்கு வந்தது, வீட்டில் ஒரு திருமணம் வந்தது. அவர் இருமுறை துறை வாயிலில் வந்து நின்றார் என்று பின்னரே அறிந்தோம். மூன்றாம் முறை அவர் வரவில்லை. வருகைப்பதிவேட்டில் அவர் பெயருக்கு எதிரே சில நாள்கள் வரவில்லை என்று குறித்தோம். பிறகு பெயரையே நீக்கினோம். அந்த ஆண்டு முழுதும் யாம் மெத்தையிட்ட கட்டிலில் நன்றாகவே உறங்கினோம்.

வஞ்சினக் காஞ்சியை ஆண்டுதோறும் நடத்தும் ஆசிரியர் தாம் கொடுத்த சொல்லை மறந்தார். பாயில் உறங்கிய படைத்தலைவரின் கப்ருக்கு முன்னே நிற்கும்போதுதான் அது எமக்கு உறைத்தது. "நமக்கு ஜாமீன் நிற்க வந்த ஆள் இல்லை" என்று எம் தந்தையார் கூறியதன் பொருளும் அங்கேதான் விளங்கியது. ஜாமீன் நிற்பவர் ஒருவர் இருந்தால், பொறுப்பு அவருடையது. ஜாமீனில் வந்தவர் கைவீசி நடக்கலாம். உஸ்மான் நாட்டை நேசித்தார் என்று உரக்கக் கூறுவதன் வாயிலாக, எம் பங்குக்கு யாம் ஏதும் செய்யாமல் இருந்துவிட இயன்றது. அவர் வீரம் எமக்கு வழிகாட்டியாக இராமல் எம் சோம்பலுக்குத் திரையாக இருந்தது.

அம்முதியவர் எம் விடைக்காகக் காத்திராமல் தம் வேலைக்குத் திரும்பிவிட்டார்.

நாட்டை நேசிப்பது ஈமானின் ஒரு பகுதி என்னும் கருத்தை நபிமொழி என்று மேடைகளில் கூறுவோர் பலர், யாமும் கூறியிருக்கிறோம். அது உறுதிப்பட்ட நபிமொழியன்று என்று ஹதீஸ் கலை வல்ல ஆலிம்கள் எடுத்துக்காட்டுவர். அதனால் நாட்டுப்பற்றுக்கு நம் மார்க்கத்தில் இடமில்லை என்று கொள்ள வேண்டியதில்லை. மக்காவைவிட்டு வெளியேற நேர்ந்தபோது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அம்மண்ணின்பால் தமக்குள்ள அன்பை வெளிப்படுத்திக் கூறியது நூல்களில் பதிவாகியுள்ளது. அதனினும் உறுதியாகப் பதிவாகியுள்ள செய்தி, வாக்களித்து மாறுசெய்தல் நயவஞ்சகரின் அடையாளங்களுள் ஒன்று என்பதாகும். அமானிதத்தை உரியவரிடம் ஒப்படைக்குமாறும், உடன்படிக்கைகளை நிறைவேற்றுமாறும் திருக்குர்ஆன் பணிக்கின்றது. நாடு என்பது கோடிக்கணக்கான மனிதர் ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொண்ட சொல்லினால் நிற்பது. மருத்துவர் நோயாளிக்குக் கொடுத்த சொல், அலுவலர் குடிமக்களுக்குக் கொடுத்த சொல், ஆசிரியர் மாணவருக்குக் கொடுத்த சொல் ஆகிய இவற்றைக் காப்பவர் நாட்டைக் காப்பவர். எல்லையில் நிற்கும் வீரர் காப்பதும் ஒரு சொல்லையே. அவர் உயிரை ஈடாக வைக்கிறார். நாம் உறக்கத்தைக்கூட ஈடாக வைப்பதில்லை.

ஊர் திரும்பியதும் முதல் வேலையாக அம்மாணவரைத் தேடிச் சென்றோம். கைப்பேசி பழுதுபார்க்கும் கடையொன்றில் அவர் வேலைக்கு அமர்ந்திருந்தார். எம்மைக் கண்டதும் எழுந்து நின்று, "வாங்க ஐயா" என்று நாற்காலியை நகர்த்தினார். அந்த மரியாதை எம்மைச் சுட்டது. மீண்டும் கல்லூரிக்கு வருமாறு அழைத்தோம்; கட்டணத்தை யாமே செலுத்துவதாகக் கூறினோம். அவர் தலைகுனிந்து சற்றுநேரம் இருந்தார். "ஐயா, இனி என்னால் முடியாது. வீடு என் சம்பளத்தில்தான் நடக்கிறது. தங்கை பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கிறாள். முடியுமானால் அவளைப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்றார்.

பார்த்துக்கொள்ளுங்கள் என்று, யாம் கூறிய அதே சொல்லையே எம்மிடம் திருப்பிக் கொடுத்தார். இம்முறை அதனை மறக்கவில்லை. எம் படுக்கையறையில் ஒரு கோரைப்பாயைச் சுருட்டிச் சுவரோரம் நிறுத்தி வைத்தோம். அதில் யாம் படுக்கவில்லை. அதற்குரிய தகுதி எமக்கு இல்லை. நாள்தோறும் காணவேண்டும் என்பதற்காகவே வைத்தோம். அப்பெண்மணி பட்டப்படிப்பை முடித்து ஆசிரியப் பயிற்சியும் பெற்றுவிட்டார். அவர் அண்ணனுக்கு யாம் இழைத்த பிழை அதனால் நேராகிவிடவில்லை. நேராகிவிட்டதாக எண்ணவும் மாட்டோம்.

2020ஆம் ஆண்டின் இறுதியில் உஸ்மானின் கப்ரு சிதைந்து கிடப்பதாகச் செய்தி வந்தது. கொரோனாக் காலம், கல்லூரி பூட்டியிருந்தது, கைப்பேசி வழியே வகுப்பு நடந்தது. மாணவர் பலர் அச்செய்தியை எமக்கு அனுப்பிக் கொதித்தனர். எமக்கும் நெஞ்சு கனன்றது. பின்னர் இந்திய இராணுவமே முன்வந்து அதனைச் செப்பனிட்டது என்று அறிந்து ஆறுதல் அடைந்தோம்.

கல்லூரி திறந்தபின், மாணவரைச் செங்கம் வட்டாரத்துக்குக் கல்விப்பயணம் அழைத்துச் சென்றோம். நடுகற்கள் மிகுதியாகக் கிடைத்த நிலப்பகுதி அது. நடுகல்லுக்குக் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து என ஆறு நிலைகளைத் தொல்காப்பியம் வகுத்துள்ளது. நூலில் படித்ததைக் கண்ணால் காணட்டும் என்பது எம் நோக்கம். அவ்வட்டாரத்து எடுத்தனூர் நடுகல் முதலாம் மகேந்திரவர்மன் காலத்தது. வீரன் ஒருவனுடன் அவனுடைய நாயும் அதில் இடம்பெற்றுள்ளது. கோவிவன் என்னும் அந்நாய் கள்ளர் இருவரைக் கடித்துக் காவல் நின்றதைக் கல்வெட்டு கூறுகின்றது. பேரரசன் காலத்துக் கல்லில், காவல் காத்த நாய்க்கும் ஓரிடம் உண்டு. என்ன குலம், என்ன மொழி என்று கேளாமல், காத்ததா என்று மட்டுமே கேட்ட கல் அது.

வேறோர் ஊரில், ஏரிக்கரையோரம் பாதி புதைந்து சாய்ந்திருந்த நடுகல் ஒன்றைக் கண்டோம். எழுத்துகள் தேய்ந்திருந்தன. அருகே எண்ணெய் வழிந்த அகல்விளக்கு இருந்தது. அங்கு வந்த மூதாட்டியிடம், "அம்மா, இவர் யார்?" என்று கேட்டோம். "வேடியப்பன். எங்க ஊரக் காப்பாத்துன சாமி" என்றார். பெயர் மறைந்தது; போர் மறைந்தது; அரசன் மறைந்தான். காத்தவர் என்பது மட்டும் எஞ்சி நின்றது.

எம்முடன் வந்த மாணவி ஒருவர் அப்போது கூறினார்: "ஐயா, கல் சாயும், உடையும், மறுபடியும் நிறுத்தலாம். அந்த அம்மா விளக்கு வைப்பதை நிறுத்திவிட்டால்தான் நடுகல் போனது என்று பொருள்." நூல்களில் யாம் தேடிய உரையை அவர் எளிதாகக் கூறிவிட்டார். நம் மார்க்கத்தில் கப்ருக்கு விளக்கேற்றும் முறை வேண்டப்படுவதன்று. ஆயின் உஸ்மானுக்கு நாம் ஏற்றத்தக்க விளக்கு ஒன்று உண்டு. அது கொடுத்த சொல்லைக் காப்பது.

வீரரைப் போற்றுவதில் இருவகை உண்டு என்று இன்று கருதுகிறோம். அவர் பெயரைச் சொல்லி நம்மை உயர்த்திக்கொள்வது ஒன்று. அவர் செயலை எண்ணி நம்மைத் திருத்திக்கொள்வது மற்றொன்று. முன்னதில் வீரர் நமக்கு உழைக்கிறார். பின்னதில் நாம் அவருக்குக் கடன்பட்டவராகிறோம். கொல்லும் ஆற்றலை மட்டும் வியப்பது வீரவழிபாடு ஆகாது. போர் எங்கு நிகழினும் இருபுறமும் தாய்மார் அழுகின்றனர். உஸ்மானிடம் யாம் வியப்பது, தமக்கு எளிதாகக் கிடைத்ததைக் கொடுத்த சொல்லின்பொருட்டு வேண்டாம் என்ற மனத்திண்மையை.

இளைய நண்பர்களே, உங்கள் நாட்டுப்பற்றுக்கு எவரேனும் சான்று கேட்டால் இறந்தோரை எழுப்பிச் சாட்சிக்கு அழைக்காதீர்கள். இந்நாட்டில் எவரும் எவருக்கும் அச்சான்றைக் காட்டக் கடமைப்பட்டவரல்லர். ஆனால் நீங்கள் தனித்திருக்கும் இரவில், இன்று நான் யாருக்குச் சொல் கொடுத்தேன், அதனைக் காத்தேனா என்று உங்கள் உள்ளம் கேட்குமாயின், அதற்கு மட்டும் மறவாமல் விடை கூறுங்கள்.

எம் தந்தையார் மறைந்து பல ஆண்டுகள் ஆயின. அவருடைய கத்தரிக்கோல் எம் மேசைமேல் இருக்கிறது. சுருட்டிய பாய் சுவரோரம் நிற்கிறது. அவ்விரண்டையும் பார்த்துவிட்டே நாள்தோறும் கல்லூரிக்குப் புறப்படுகிறோம். சொல்லைக் காக்கும் வலிமையை நம் அனைவருக்கும், இந்நாட்டு மக்கள் யாவருக்கும் எல்லாம் வல்ல இறைவன் அருள்வானாக. ஆமீன்.